காது நல்லா கேட்குது... ஆனா சொன்னது புரியலையா?

"எத்தனை தடவைதான் சொல்றது? காதுல விழுதா, இல்லையா?"

குழந்தை இருக்கிற வீட்டில் இந்த வசனம் நாளுக்கு ஒருமுறையாவது வந்துவிடும். பெரும்பாலும் காரணம் டிவி, செல்போன், விளையாட்டு மும்முரம். ஆனால் சில குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கேள்விக்கான பதிலே வேறு. காதில் விழுகிறது. விழுந்த ஒலி என்ன சொல் என்று பிரித்தறிவதில்தான் மூளை தடுமாறுகிறது.

இதைச் செவிவழிச் செயலாக்கக் குறைபாடு என்கிறார்கள். மருத்துவமனையில் 'ஆடிட்டரி ப்ராசஸிங் பிராப்ளம்', 'ஏ.பி.டி.' என்ற பெயர்கள் காதில் விழலாம். இது காது கேளாமை அல்ல. புத்திக் குறைவும் அல்ல. அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் இந்தக் குழந்தை தெளிவாகப் பதில் சொல்லும். அதே குழந்தை மின்விசிறி ஓடுகிற, 40 பேர் உட்கார்ந்திருக்கிற வகுப்பில் டீச்சர் சொன்னதில் பாதியைத் தவறவிடும். அதனால்தான் வீட்டிலும் பள்ளியிலும் "வேணும்னே பண்றான்", "கவனமே இல்லை" என்ற பட்டம் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது.

இந்தக் கட்டுரையிலிருந்து நீங்கள் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்தால் போதும். காது பரிசோதனையில் 'நார்மல்' என்று வந்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால், அடுத்து என்ன பரிசோதனை செய்யலாம் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கேளுங்கள்.

எதைக் கவனிக்கணும்?

"என்ன? என்ன?" என்று அடிக்கடி திருப்பிக் கேட்பது முதல் அடையாளம். சத்தமான இடத்தில் இது அதிகமாகும். கல்யாண மண்டபம், பேருந்து, மிக்ஸி ஓடும் சமையலறை போன்ற இடங்களில் கவனித்துப் பாருங்கள்.

அடுத்து, ஒலி நெருக்கமான சொற்கள் குழம்பும். 'பட்டு', 'தட்டு', 'கட்டு' மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். 'எடு' என்றால் 'எட்டு' என்று புரியும். 'படம்', 'பாடம்', 'பட்டம்' மாறிமாறி வரும். பள்ளியில் 'சொல்வதை எழுதுதல்' பயிற்சியில் மதிப்பெண் குறையும், அதே பாடத்தைப் புத்தகம் பார்த்து எழுதினால் சரியாக வரும். இந்த வித்தியாசம் முக்கியமான துப்பு. மருத்துவரிடம் போகும்போது அந்த இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். குழந்தை 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்றோ 'வாயப்பயம்' என்றோ சொன்னால் பதறாதீர்கள். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே அப்படித்தான் இருக்கும். ர, ற வித்தியாசமும் பெரும்பாலான வீட்டுப் பேச்சில் கிடையாது. வீட்டில் யாருமே வேறுபடுத்திப் பேசாத ஒலியைக் குழந்தை வேறுபடுத்தவில்லை என்றால் அது குறைபாடே இல்லை. குறில் நெடில் வித்தியாசமும், ஒற்றை மெய் இரட்டை மெய் வித்தியாசமும் அப்படியல்ல. அவை எல்லா ஊர்ப் பேச்சிலும் உண்டு, அங்கே தடுமாற்றம் தொடர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

சிறு வயதில் அடிக்கடி சளி பிடித்து, நடுக்காதில் நீர் கோத்து, பல மாதம் அரைகுறையாகக் கேட்ட குழந்தைகளுக்கும், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் இந்தச் சிக்கலுக்கான வாய்ப்பு கூடுதல். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒரு பின்னணி இருந்தால் மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

'நார்மல்' ரிப்போர்ட் சொல்வது என்ன?

சாதாரணமாகச் செய்யும் காது பரிசோதனையில், சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 'பீப்' ஒலிகளைக் கொடுப்பார்கள். 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளில் எவ்வளவு மெல்லியது வரை கேட்கிறது என்று குறிப்பார்கள். அந்த வரைபடம்தான் ஆடியோகிராம். காது எனும் கருவி வேலை செய்கிறதா என்பதை அது சொல்லும். பேச்சு புரிகிறதா என்பதைச் சொல்லாது. வாழ்க்கையில் யாரும் நம்மிடம் 'பீப்' என்று பேசுவதில்லையே!

அதற்காக இந்தப் பரிசோதனையைத் தவிர்த்துவிடக் கூடாது. முதலில் இதையும், நடுக்காதைப் பார்க்கும் டிம்பனோமெட்ரியையும் செய்தே ஆக வேண்டும். காதில் அடைத்த அழுக்கோ நீரோதான் காரணம் என்று தெரிந்தால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

அதற்குப் பிறகான பரிசோதனைகளை ஆடியாலஜிஸ்ட் செய்வார். பின்னணிச் சத்தத்துக்கு நடுவே சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வது ஒன்று. ஒலிக்கு நடுவே வரும் மிகச் சிறிய இடைவெளியைக் கண்டுபிடிக்கச் சொல்வது இன்னொன்று. மூன்றாவது கொஞ்சம் சுவாரசியமானது. ஒரே நேரத்தில் வலது காதில் ஒரு எண்ணையும் இடது காதில் வேறு எண்ணையும் சொல்லி, இரண்டையும் கேட்பார்கள். 1950-களில் பல குரல்களை ஒரே நேரத்தில் கேட்க வேண்டிய விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களின் சிக்கலை ஆராய்ந்தபோது வளர்ந்த முறை இது. இன்று நம் பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது.

இவற்றைப் பொதுவாக 7 வயதுக்குப் பிறகுதான் செய்வார்கள். அதற்கு முன் ஒரே குழந்தை காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் பதில் சொல்லும், முடிவை நம்ப முடியாது. 'அப்போ 7 வயசு வரைக்கும் சும்மா இருக்கணுமா?' என்றால், இல்லை. பேச்சு, மொழி வளர்ச்சியில் தாமதம் தெரிந்தால் பெயர் வைக்கும்வரை காத்திருக்காமல் பயிற்சியைத் தொடங்கலாம்.

ஒளிக்காமல் சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. ஏ.பி.டி. என்பது தனியான ஒரு குறைபாடா, அல்லது கவனக் குறைபாடு, மொழி வளர்ச்சிக் குறைபாடு, வாசிப்புக் குறைபாடு ஆகியவற்றின் இன்னொரு முகமா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரே குழந்தையிடம் இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். அதனால் ஒரே ஒரு பரிசோதனையை வைத்து, ஒரே நாளில், "இதுதான்" என்று யாராவது முடிவு கட்டினால் யோசியுங்கள். ஆடியாலஜிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், தேவைப்பட்டால் உளவியலாளர், கூடவே வகுப்பாசிரியர் என எல்லாரும் சொல்வதைச் சேர்த்துப் பார்ப்பதுதான் முறை.

எங்கே போகணும்?

அரசுப் பள்ளியிலோ அங்கன்வாடியிலோ பிள்ளை படித்தால் சேவை உங்கள் வாசலுக்கே வருகிறது. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள், பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. திட்டத்தின் விதிப்படி அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வருவார்கள். ஆனால் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கும் குழுவுக்கு, பேரைக் கூப்பிட்டால் சட்டென்று திரும்புகிற பிள்ளையிடம் சந்தேகம் வராது. எனவே குழு வரும் நாளை ஆசிரியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, "சத்தத்துல சொன்னா புரிய மாட்டேங்குது" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி போதும், பரிந்துரை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பரிந்துரை போகும் இடம், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். டி.இ.ஐ.சி. என்று கேட்டால் எல்லாருக்கும் தெரியும். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்தில் இருக்கும். குழந்தை மருத்துவர், செவித்திறன் மற்றும் பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோரை ஒரே கூரைக்குக் கீழ் வைப்பதுதான் இந்த மையத்தின் நோக்கம். கட்டணம் கிடையாது. தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையை அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டி, அங்கிருந்து பரிந்துரை பெறலாம்.

பள்ளி வழியாகவும் ஒரு கதவு உண்டு. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் சொன்னால் தொடர்பு ஏற்படுத்தித் தருவார். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் 'விழுதுகள்' ஒருங்கிணைந்த சேவை மையம் உங்கள் பகுதியில் திறக்கப்பட்டிருந்தால் பேச்சுப் பயிற்சிக்கு அங்கேயும் கேட்கலாம். விரிவான பரிசோதனை தேவைப்பட்டால், சென்னை அருகே முட்டுக்காட்டில் ஒன்றிய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. மேற்கு மாவட்டத்துக்காரர்களுக்கு மைசூருவில் உள்ள அகில இந்திய பேச்சு செவித்திறன் நிறுவனமும் எட்டும் தூரம்தான்.

தனியார் மையத்துக்குப் போவதாக இருந்தால், பயிற்சி தருபவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். அந்தக் கழகத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டு உங்கள் போனிலேயே சரிபார்க்கலாம்.

ஸ்பீச் தெரபியில் என்ன செய்வாங்க?

'பேச்சு நல்லாத்தானே வருது, எதுக்கு ஸ்பீச் தெரபி?' என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். பெயர்தான் பேச்சுப் பயிற்சி. இந்தப் பிள்ளைகளுக்கு நடப்பது பெரும்பாலும் கேட்கும் பயிற்சி.

முதலில் ஒலிகளைப் பிரித்தறிவது. இரண்டு படங்களை வைத்து, 'படம்' என்றால் இதைத் தொடு, 'பட்டம்' என்றால் அதைத் தொடு என்று ஆரம்பிப்பார்கள். பயிற்சியாளர் வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொள்வார், உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாதே! பிறகு சொல்லைப் பிரிப்பது: 'தலையணை'க்கு எத்தனை தட்டு கைதட்டணும்? 'பட்டாம்பூச்சி'யில் 'பூச்சி'யை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? அமைதியான அறையில் இவை பழகிய பிறகு, பின்னணியில் மெல்லிய சத்தத்தைச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். வகுப்பறைக்குத் தயார் செய்வது இப்படித்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்தது. புரியாதபோது என்ன செய்வது என்று குழந்தைக்கே சொல்லித் தருவார்கள். வெறும் "என்ன?" என்று கேட்டால் எதிரே இருப்பவர் எரிச்சலோடு அதையே திரும்பச் சொல்வார். "பக்கம் 32-ன்னு கேட்டுச்சு, எந்தக் கணக்குன்னு கேட்கலை டீச்சர்" என்று சொன்னால் விடுபட்டது மட்டும் கிடைக்கும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால், திட்டு வாங்கும் தடவைகள் குறையும். புரியாவிட்டாலும் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் காப்பி அடிக்கும் வழக்கமும் மெல்லப் போகும்.

பயிற்சி பெரும்பாலும் வாரம் ஒன்று அல்லது இரண்டு முறை இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எதில் முன்னேற்றம், எதில் இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாது. அதேசமயம், ஒரு வருடம் பணம் கட்டியும் இலக்கு என்னவென்றே தெரியாமல் போய்வருவதும் சரியில்லை.

வீட்டுல நீங்க பேசுற விதம்

தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. "அலமாரியில நீல டப்பாவுக்குப் பின்னாடி வெச்சிருக்கற கத்திரிக்கோலை எடுத்துட்டு வா" என்கிறோம். என்ன செய்ய வேண்டும் என்பது கடைசி இரண்டு சொல்லில்தான் வருகிறது. அதுவரை இடம், நிறம், பொருள் எல்லாவற்றையும் குழந்தை மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். கேட்டதைப் பிடித்து வைப்பதே சிரமமான பிள்ளைக்கு இது மூட்டை மேல் மூட்டை. உடைத்துச் சொல்லுங்கள்: "அலமாரிக்குப் போ. நீல டப்பா தெரியுதா? அதுக்குப் பின்னாடி கத்திரிக்கோல் இருக்கு. எடுத்துட்டு வா."

இன்னொரு சிக்கல், 'வேண்டாம்' என்று சொல்லும் பகுதியும் சொல்லின் வாலில் இருப்பது. "தொடாத!" என்று அடுத்த அறையிலிருந்து கத்துகிறோம். வால் சத்தத்தில் கரைந்துபோய், குழந்தைக்குத் 'தொடு' மட்டும் எட்டலாம். தொடுகிறது, அடி வாங்குகிறது. ஏன் அடி விழுந்தது என்று அதற்குப் புரிவதே இல்லை. அடுப்பு, ஸ்விட்ச் போர்டு, சாலை என்று ஆபத்தான இடங்களில் செய்யக் கூடாததைச் சொல்வதைவிடச் செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "தொடாத" என்பதற்குப் பதில் "கையை எடு", "ஓடாத" என்பதற்குப் பதில் "நில்லு". கையைக் காட்டியும் சொல்லுங்கள்.

பேசுவதற்கு முன் பெயரைக் கூப்பிட்டு, முகம் திரும்பும்வரை பொறுங்கள். கத்திப் பேசுவதால் பயன் இல்லை. கத்தும்போது ஒலி சிதைந்து இன்னும் குழப்பும். கொஞ்சம் நிதானமாக, இயல்பான குரலில் பேசினாலே போதும். ஒருமுறை சொல்லிப் புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தை நான்கு முறை சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லிப் பாருங்கள்.

தினமும் 10 நிமிட விளையாட்டுக்கு உங்கள் போனே போதும். பாட்டியையோ மாமாவையோ வாட்ஸ்அப்பில் ஒரு குட்டிக் கதையை வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். முதலில் அமைதியாகக் கேட்டு மூன்று கேள்வி. அடுத்த நாள் மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு இன்னொரு கதை. இங்கே வீடியோ காலைவிட வாய்ஸ் மெசேஜ்தான் நல்லது, பார்க்க முகம் இல்லாததால் காது மட்டும் வேலை செய்யும். சொல் சங்கிலியும் பாட்டுக்குப் பாட்டும் பழைய விளையாட்டுகள்தான், ஆனால் கடைசி எழுத்தைக் காதால் பிடிக்க வைப்பதால் இதற்கு அருமையாகப் பொருந்தும்.

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாராவது அறிவுரை சொன்னால் ஏற்காதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறைபாடு வருவதில்லை. பெற்றோருக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் குழந்தைக்குக் கிடைக்கும் பேச்சுதான் குறையும்.

வகுப்பறையில் ஒரு சின்னக் கணக்கு

டீச்சரின் குரல் 1 மீட்டர் தூரத்தில் 65 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். தூரம் இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபெல் குறையும். 2 மீட்டரில் 59, 4 மீட்டரில் 53. மின்விசிறியும் பிள்ளைகளின் சலசலப்பும் சேர்ந்து 55 என்றால், நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் பெஞ்சில் டீச்சர் குரலைவிடச் சத்தம்தான் பெரிது. அறைக்குள் எதிரொலி சேர்வதால் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் அந்த எதிரொலியும் பேச்சைத் தெளிவாக்காது, மங்கலாக்கும். வகுப்பில் ஆசிரியர் குரல் சத்தத்தைவிட 15 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் சொல்லும் அளவு.

அதனால் "முன் பெஞ்சுல உட்கார வைங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஆசிரியர் வழக்கமாக நிற்கும் பக்கம், சாலையோர ஜன்னலுக்கும் சத்தம் போடும் மின்விசிறிக்கும் தள்ளி, ஆசிரியர் முகம் தெரியும் இடமாகக் கேளுங்கள். வீட்டுப்பாடத்தை வாயால் சொல்வதோடு பலகையிலும் எழுதினால் இந்தப் பிள்ளைக்குப் பாதிப் பிரச்சினை தீரும், மற்ற பிள்ளைகளுக்கும் நஷ்டமில்லை. ஆசிரியர் சட்டையில் மாட்டும் மைக்கிலிருந்து நேராகக் குழந்தையின் காதுக் கருவிக்கு ஒலி அனுப்பும் எஃப்.எம். கருவிகளும் உண்டு. அது தேவையா என்பதை ஆடியாலஜிஸ்ட் சொல்லட்டும். கடையில் கிடைக்கும் சாதாரணக் காது மெஷினை நீங்களாக வாங்கி மாட்டிவிடாதீர்கள். அது டீச்சர் குரலோடு மின்விசிறிச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும்.

'மூளையைக் கூர்மையாக்கும்' என்று விளம்பரம் வரும் கட்டணச் செயலிகளுக்கும் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். செயலியில் உள்ள விளையாட்டில் குழந்தை தேறிவிடும், அந்தத் தேர்ச்சி வகுப்பறைக்கும் வருமா என்பதற்கு ஆதாரம் பலமாக இல்லை.

சான்றிதழ் கிடைக்குமா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஏ.பி.டி. அதில் தனிப் பெயராக இல்லை. காது கேட்கும் அளவு சரியாக இருப்பதால் செவித்திறன் குறைபாட்டுச் சான்றும் கிடைக்காது. ஆனால் அதே பட்டியலில் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' இருக்கிறது. பேச்சு மொழியையோ எழுத்து மொழியையோ கையாள்வதில் உள்ள குறைபாடு என்றுதான் சட்டம் அதை விளக்குகிறது. உங்கள் பிள்ளைக்கு வாசிப்பிலும் எழுத்திலும் சிரமம் இருந்தால், அதற்கான மதிப்பீட்டைச் செய்யுமாறு மருத்துவமனையில் கேளுங்கள். அது உறுதியானால் யு.டி.ஐ.டி. அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் போன் வழியாகவே விண்ணப்பிக்கலாம். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே ஆவணங்களைத் தயார் செய்துவிடுங்கள்.

சான்றிதழ் இல்லாவிட்டாலும் இருக்கை மாற்றவும், பலகையில் எழுதவும் எந்த அரசாணையும் தேவையில்லை. வகுப்பாசிரியரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் போதும்.

முதல் நாள் மருத்துவமனைக்குப் போகும்போது பழைய காது ரிப்போர்ட், பிறப்பு விவரம் உள்ள தாய்சேய் நல அட்டை, சொல்வதை எழுதிய நோட்டு, பார்த்து எழுதிய நோட்டு, ஆசிரியர் எழுதித் தந்த நான்கு வரி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் இரண்டு குட்டி வீடியோவும் இருக்கட்டும். ஒன்றில் அமைதியான அறையில் ஐந்து சின்ன வேலைகளைச் சொல்லுங்கள், மற்றதில் டிவியைப் போட்டுவிட்டு அதேபோன்ற வேறு ஐந்து. குழந்தையைத் தூங்கி எழுந்து, சாப்பிட வைத்து அழைத்துப் போங்கள், களைப்பில் எந்தக் குழந்தைக்கும் மதிப்பெண் குறையும். எங்கே போவதென்று குழப்பமாக இருந்தால் மருத்துவச் சந்தேகங்களுக்கு 104, பள்ளி தொடர்பானவற்றுக்கு 14417. இரண்டும் தமிழிலேயே பேசும் உதவி எண்கள்.